மான் இறைச்சியும் பொட்டு வைத்த மெசினும்

எங்கள் கடைப் பொஸ் துவக்கால் ஒரு மானைச் சுட்டார். தோலை உரித்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பக்குரங்காவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது ஒரு கிழவர். யூதர். அவர்களுடைய முறை ஒன்றும் பிசகாமல் நடக்கிறவர்.

"இது எப்பிடிச் செத்தது?" என்று கேட்டார் கிழவர்.

"ஒரே வெடி. நெஞ்சிலை," என்றார் பொஸ், பெருமையாக.

"அப்ப இது பிணம்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் கதவைச் சாத்தினார்.

பொஸ் மானைத் திருப்பிக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, எனக்கு இதைச் சொன்னார். அவர்கள் எல்லாரும் கதைத்தது இங்கிலீசு. எனக்கு விளங்கின மாதிரித்தான் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விளங்கினது கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

தொண்ணூறுகளில் நான் ஒனிஹங்காவில் ஓர் இறைச்சிக்கடையின் பின்னறையில் சொசேஜ் செய்தேன். முன்னுக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி விற்பார்கள். பின்னுக்கு வேட்டைக்காரர் மான், பன்றி என்று கொண்டுவந்து தருவார்கள், அரைத்து அடைத்துக் கொடுப்போம். பொஸ் வெள்ளைக்காரர். பெரிய உடம்பு. மாரியிலும் கட்டைக் காற்சட்டைதான். முழங்கால் இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். என்னை 'மேட்' என்பார், கூட்டாளி என்கிற மாதிரி. கடைக்கு வருகிற கிழவிகளையும் மேட் என்பார். நாயையும் அதுதான்.

கிழவரின் மகளைத்தான் பொஸ் கட்ட நினைத்தார். அவள் புருசனை இழந்தவள். மாதம் ஒருமுறை கடைக் கணக்குப் பார்க்க வருவாள். எங்கள் கடையில் ஒரு துண்டு இறைச்சி வாங்கினது கிடையாது. வீட்டில் இருந்து முட்டைச் சான்ட்விச் கொண்டுவருவாள். பொஸ் அவள் வருகிற நாளில் மட்டும் சவரம் எடுப்பார். இரண்டு வருசம் சவரம் எடுத்தபிறகு ஒருநாள் கேட்டுவிட்டார்.

அவள் சொன்ன பதில் இது: "என்ரை அப்பா உன்ரை கையாலை ஒரு வாய் சாப்பிடட்டும். அதுக்குப் பிறகு கலியாணக் கதை கதைப்பம்."

நடக்காது என்று தெரிந்து சொன்னது. நோகாமல் மறுக்கிறதுக்கு ஒரு வழி. எனக்கு உடனே விளங்கியது. பொஸ்ஸுக்கு விளங்கவில்லை. "ஒரு வாய்தானே!" என்று மானைச் சுட்டுக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தின பிறகும் அவர் அடங்கவில்லை. மகளைப் பிடித்து முறை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். கேட்கக் கேட்க முகம் தொங்கியது.

"மேட், சுடக்கூடாதாம். உயிரோடை பிடிச்சு, அவையின்ரை ஆள் ஒருத்தர் வந்து கழுத்தை அறுக்கவேணுமாம்."

"ஓம்."

"இரத்தம் ஒரு சொட்டும் இருக்கக்கூடாதாம். ஊறவைச்சு, உப்புப் போட்டு, கழுவோணுமாம்."

"ஓம்."

"பாலும் இறைச்சியும் கிட்ட வரக்கூடாதாம். சட்டியே வேறயாம்! கரண்டியும் வேறயாம்! உனக்கு இது பைத்தியமாத் தெரியேல்லையோ?"

"இல்லை," என்றேன். "என்ரை வீட்டிலையும் சட்டி வேறதான்."

உண்மைதான். என் புருசன் டாக்சி ஓட்டுகிறவர், சுத்த சைவம். மச்சச் சட்டி கராஜில் இருக்கும். நான் வேலையால் வந்தால் பின்கதவால் வந்து, குளித்து, உடுப்பு மாற்றித்தான் குசினிக்குள் போகலாம். கறிவேப்பிலைக் கன்றைத் தொடுவதென்றாலும் குளிக்கவேண்டும். என் சம்பளத்தில் வாங்கின அரிசிக்கு மட்டும் குளிப்பு இல்லை. அது அப்படியே உள்ளே போகும். ஒரு கிழவர் சட்டியைப் பிரித்து வைக்கிறார் என்றதும் எனக்கு அவர்மேல் பயம் வரவில்லை. அவருக்குச் சமைக்கிறவள் மேல்தான் பாவம் வந்தது.

வேலை தொடங்கியது. பொஸ்ஸின் கூட்டாளி ஒருவருக்குத் தெற்கே பண்ணை இருந்தது. காட்டு மான்கள் அவருடைய புல்லை மேய வரும். உயரமான வேலி அடைத்த ஒரு பட்டியின் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே தீனி போட்டு வைத்தார். சில நாளில் ஓர் இளம் கிடா உள்ளே போனது. கதவைச் சாத்தினார். சுடாமல் மான் பிடிப்பது பொஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. "இது வேட்டையே இல்லை, களவு," என்று புறுபுறுத்தார்.

கிழவரிடம் மகள் போய்ச் சொன்னாள். கிழவர் யோசித்தார். தான் கிட்ட இருந்து தொடக்கத்தில் இருந்து முடிவுவரை பார்த்தால் சாப்பிடலாம் என்றார். கத்தி, வாளி, பலகை, இறைச்சி அரைக்கிற மெசின் எல்லாம் புதிதாக இருக்கவேண்டும். மெசின் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். அவர் வந்து திறப்பார். அவர்களுக்கு ஒரு பெருநாள் வந்தது. முற்றத்தில் இலைக்கூரை போட்ட கொட்டில் கட்டி, அதற்குள் இருந்து சாப்பிடுகிற பெருநாள். அந்தக் கொட்டிலில் வைத்துச் சாப்பிடுவதாகச் சொன்னார்.

பொஸ் கையால் சுற்றுகிற மெசின் ஒன்று வாங்கிவந்து பெட்டியோடு தட்டில் வைத்தார். "இதை ஒருத்தரும் தொடப்படாது, மேட்," என்றார்.

அந்தக் கிழமைதான் எங்களுக்கு ஆயுத பூசை. நான் வருசா வருசம் கடையில் எல்லா மெசினுக்கும் பொட்டு வைப்பேன். பெரிய அரைக்கிற மெசின், எலும்பு அறுக்கிற வாள், தராசு. பொஸ் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு வருசம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், பொட்டு இல்லை, அவருக்குச் சின்னவிரல் நுனி போனது. அதற்குப் பிறகு அவரே ஞாபகப்படுத்துவார்.

எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் இருக்கிறதை மட்டும் விட்டால், அதுதான் முதலில் கடிக்கும். பெட்டியைத் திறந்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு பூ வைத்தேன். கற்பூரம் காட்டினேன். பூவை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பழையபடி மூடினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணைக்குப் போனோம். பொஸ், கிழவர், மகள், நான். குடல் கழுவ நான் வேண்டும். கழுத்தறுக்கிறவர் அங்கே நின்றார். மெலிந்த ஆள், கறுப்புத் தொப்பி. கத்தியின் விளிம்பை நகத்தில் வைத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். திருப்பி மற்றப் பக்கம் பார்த்தார். பொஸ் நாற்பது வருசமாகக் கத்தி தீட்டுகிறவர், எட்டி எட்டிப் பார்த்தார். நிலத்தில் கொஞ்சம் மண் தூவி வைத்திருந்தார்கள். நாலு பேர் மானைப் பிடித்தார்கள். ஓர் இழுப்பு. முடிந்தது. அந்த ஆள் ஏதோ சொல்லிக்கொண்டு இரத்தத்தை மண்ணால் மூடினார். காட்டு மிருகத்தின் இரத்தத்தை மூடவேண்டுமாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது இல்லையாம்.

"ஏன்?" என்று பொஸ் கேட்டார்.

"அப்பிடித்தான்," என்றார் அந்த ஆள்.

என் புருசனும் இதே பதில்தான் சொல்வார்.

நுரையீரலைத் தடவிப் பார்த்துச் சரி என்றார்கள். பின்கால் பக்கம் ஏதோ நரம்பு இருக்கிறது, அது ஆகாது, எடுக்கிறது கரைச்சல் என்று பின்பாதியைப் பொஸ்ஸிடமே விட்டார்கள். நல்ல இறைச்சி எல்லாம் அதில்தான். பொஸ்ஸுக்கு அவர்களுடைய மதத்தில் முதல்முறையாக ஒரு பிடிப்பு வந்தது. மாட்டில் உள்கொழுப்பு ஆகாதாம், மானில் ஆகுமாம். குடலும் மான் குடல்தான். கடையில் வாங்குகிற ஆட்டுக்குடல் முறைப்படி அறுத்த ஆட்டினுடையது இல்லையே. நான் அதைத் திருப்பி, சுரண்டி, கழுவி எடுத்தேன். மானை அதனுடைய குடலுக்குள்ளேயே அடைக்கப் போகிறோம். அதற்கும் மனம் நொந்திருக்கும்.

மத்தியானம் கடைக்கு வந்தோம். கடை பூட்டு. கிழவர் பின்னறை நடுவில் கதிரை போட்டு இருந்தார். எங்கள் சொசேஜ் மா பைக்கற்றை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.

"பால்மா இருக்கு," என்றார்.

பொஸ் அதை வெளியில் கொண்டுபோய் வைத்தார். கிழவர் பையில் இருந்து ஒரு போத்தல் எடுத்தார். கொத்தமல்லி, மிளகு. வீட்டில் வறுத்து இடித்தது. மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. கை தெரிந்த ஆள்.

இறைச்சி தண்ணீரில் ஊறியது. கிழவர் எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். மெசினை வெளியே எடுத்தார். வாய்ப்பக்கம் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

"இது என்ன?"

பொஸ் என்னைப் பார்த்தார். எனக்கு முன்னம் அவரே தொடங்கினார். "அது வந்து... தொழிற்சாலையிலை பூசுறது. கறள் பிடியாமல்." கழுத்தில் தொடங்கி முழங்கால்வரைக்கும் சிவந்தார்.

கிழவர் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். பிறகு மெசினைப் பார்த்தார். இரண்டும் ஒரே குங்குமம்.

"மிசிஸ், இது சோடிச்சதோ, கும்பிட்டதோ?"

மகள் கண்ணால் எனக்கு ஏதோ காட்டினாள். சோடித்தது என்றால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கும்பிட்டதைக் கும்பிடவில்லை என்று நான் எப்படிச் சொல்ல?

"கும்பிட்டனான்," என்றேன். "கற்பூரமும் காட்டினனான்."

பொஸ் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். "முடிஞ்சுது. இரண்டு வருசம் சவரம் எடுத்தது, எல்லாம் முடிஞ்சுது."

"எந்தச் சாமிக்கு?" என்று கிழவர் கேட்டார்.

"மெசினுக்குத்தான்."

"மெசினுக்கே?"

"ஓம். விரலைக் கடியாமல் இருக்க."

கிழவர் பொஸ்ஸின் சின்னவிரலைப் பார்த்தார். "அது?"

"அந்த வருசம் கும்பிடேல்லை," என்றேன்.

கிழவரின் தாடி ஆடியது. கோபமா சிரிப்பா என்று அப்போது தெரியவில்லை. வேறு மெசின் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சாமான் விற்கிற கடை பூட்டு. கத்தியால் கொத்தித் தரட்டுமா என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார். பல் குறைவு.

பிறகு கதிரையில் சரிந்து இருந்து கையைத் தேய்த்தார். தெரிந்த கணக்கு வந்த பொடியனைப் போல முகம். "இதுக்கு வழி இருக்கு," என்றார். "ஆர் கும்பிட்டதோ, அவதான் அதை இனிச் சாமி இல்லையெண்டு ஆக்கவேணும். நான் செய்தால் செல்லாது. மிசிஸ், சுத்தியலாலை அடிச்சு ஒரு துண்டு உடையுங்கோ. அப்ப அது வெறும் இரும்பு."

பொஸ் ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்துவந்து என் கையில் தந்தார். அந்தப் பெரிய முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல் நான் பார்த்ததில்லை.

நான் மெசினைப் பார்த்தேன். பொட்டு வைத்த பொருளைக் காலால்கூடத் தட்டமாட்டோம். அடிக்கச் சொல்கிறார்கள். எந்தச் சாமிக்குக் கோபம் வரும் என்று யோசித்தேன். வந்தால் என்னுடைய விரல்தானே. பொஸ் ஏற்கெனவே ஒன்று கொடுத்துவிட்டார். அடித்தேன். கைப்பிடியின் மரக்குமிழில் ஒரு செதில் பறந்தது.

அடித்த கையோடு மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஐயோ!" என்றார் கிழவர். "இப்ப என்ன செய்தனீங்கள்?"

"மன்னிப்புக் கேட்டனான்."

"ஆரிட்டை?"

"மெசினிட்டை."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொஸ் வாளியில் இருந்து நிலத்துக்கு இறங்கி இருந்தார். கிழவர் இரண்டு கையையும் மேலே தூக்கித் தன்னுடைய கடவுளிடம் ஏதோ முறையிட்டார். பிறகு சொன்னார்: "திரும்பவும் அடியுங்கோ. இந்தமுறை ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேக்கப்படாது."

"அது தானா வாறது, ஐயா."

"அப்ப கையைப் பிடியுங்கோ!" என்று பொஸ்ஸைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

இரண்டாம் முறை அடித்தேன். குமிழ் பாதி போனது. சுத்தியல் கீழே விழுமுன் பொஸ் என் இரண்டு கையையும் பின்னுக்கு மடக்கிப் பிடித்தார், பொலிஸ் பிடிக்கிற மாதிரி. கண்ணில் ஒற்ற முடியாமல் கண் அரித்தது.

"இது என்ன?" என்று கிழவர் மெசினைக் காட்டிக் கேட்டார்.

"மெசின்," என்றேன்.

"நல்லது."

சந்தனத்தைக் கழுவினார்கள். அதோடு முடியவில்லை. புதுப் பாத்திரம் என்றால் கடலில் தோய்க்கவேண்டுமாம். கடல் பக்கத்தில்தான். ஆனால் தண்ணீர் வற்றின நேரம். மானுக்கவ் குடா முழுக்கச் சேறாகக் கிடந்தது. பொஸ் மெசினைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை புதைந்தது. ஒரு சப்பாத்து சேற்றோடு போனது. கரையில் கிழவர் நின்று கத்தினார்.

"இறுக்கிப் பிடியாதை! தண்ணி எல்லா இடமும் படவேணும்!"

"விட்டால் போயிடும்!"

"விடாதை! இறுக்காதை!"

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த, தீவுகளில் இருந்து வந்து குடியேறின ஒருவர், அதை வைத்து எந்த மீன் பிடிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். மான் என்றேன். அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

ஊறினதை எடுத்து உப்புப் போட்டு, சரிவான பலகையில் வைத்து, இரத்தம் வடியவிட்டுக் கழுவினோம். அரைத்தேன். கிழவர் கொத்தமல்லி தூவினார். மான் கொழுப்பு கையில் மெழுகு போலப் பிடித்தது. மெசின் ஒழுங்காக வேலை செய்தது. ஒருவரையும் கடிக்கவில்லை. முழுநேரமும் கிழவர் கண் மூடவில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் புருசனிடம் சொன்னேன்.

"நீர் பொட்டு வைச்ச மெசினுக்குச் சுத்தியலாலை அடிச்சனீரோ?"

"ஓம். இரண்டு தரம்."

"இரண்டாந்தரம் ஏன்?"

"முதல்தரம் மன்னிப்புக் கேட்டுட்டன்."

அவர் யோசித்துவிட்டு, "அந்த மனுசன் சட்டியும் வேறயோ வைச்சிருக்கிறார்?" என்று கேட்டார்.

"சட்டி, கரண்டி, கோப்பை, எல்லாம் இரண்டிரண்டு."

"ஆள் சரியான ஆள்தான்," என்றார். என்னை அதோடு விட்டார்.

மறுநாள் மத்தியானம் பக்குரங்காவில் கொட்டிலுக்குள் இருந்தோம். கூரைக்குப் பன்னம் ஓலை வெட்டிக் கொடுத்தது பொஸ். நாலு பக்கத்தாலும் காற்று. அடுப்பைக் கிழவரின் மகள்தான் மூட்டினாள். யூதர் கை நெருப்பில் படவேண்டுமாம். பொஸ் அடுப்பில் வைத்த புது இரும்புத் தட்டில் சொசேஜைப் புரட்டினார். வெளுத்த சேர்ட், ரை கட்டியிருந்தார். கழுத்து ரைக்கு மேலால் வழிந்தது.

மழை தூறியது. மழை என்றால் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம் என்றாள் மகள். கிழவர் போகவில்லை. தட்டை நீட்டினார். பொஸ் ஒன்றை வைத்தார்.

கிழவர் வெட்டினார். மணந்தார். கண்ணை மூடி ஏதோ சொன்னார். வாயில் வைத்தார். கனநேரம் சப்பினார். பல் குறைவுதானே. பொஸ் மூச்சு விடவில்லை. மகளும் விடவில்லை. அவளுக்கு இப்போதுதான் தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது போல இருந்தது.

"உப்புக் கூட," என்றார் கிழவர். முழுதையும் தின்றார். இரண்டாவதைக் கேட்டார்.

அதைத் தின்றபடி என் பக்கம் திரும்பினார். "மிசிஸ், நீங்கள் பொய் சொல்லமாட்டியள். இவன் எப்பிடி ஆள்?"

பொஸ் அங்கேதான் நின்றார், இடுக்கியோடு. என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

"சனிக்கிழமை குடிப்பார்," என்றேன். "தூசணம் கதைப்பார். கடன் சொன்னால் மறந்துபோவார், வாங்கினதும் குடுத்ததும். கத்தி எப்பவும் தீட்டி வைப்பார். நான் காய்ச்சலிலை கிடந்த மாசம் சம்பளத்தை வீட்டை கொண்டுவந்து தந்தவர். பொய் சொல்லத் தெரியாது."

"அது நான் கண்டனான்," என்றார் கிழவர். கத்தியையும் முள்ளையும் தட்டில் வைத்தார். மகளைப் பார்த்தார். "நான் சாப்பிட்டிட்டன். நீ என்ன சொன்னனீ எண்டு எனக்குத் தெரியும். இந்த வீட்டுச் சுவர் மெல்லிசு."

மகள் பொஸ்ஸின் மிஞ்சின ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தாள். மற்றக் காலில் வேறு நிறச் சப்பாத்து.

"அப்பா, நான் அதை நீங்கள் சாப்பிடமாட்டியள் எண்டு நினைச்சுச் சொன்னது."

"எனக்கும் தெரியும். இவனுக்கு மட்டும்தான் தெரியாது. இப்ப என்ன செய்யப்போறாய்?"

அவள் எழும்பிப் போய்ப் பொஸ்ஸின் கையில் இருந்து இடுக்கியை வாங்கினாள். "ரையைக் கழட்டு. மூச்சு விடு," என்றாள். பொஸ் இரண்டையும் செய்தார்.

கிழவர் விரலை நீட்டினார். "ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. இவன் எங்கடை ஆள் இல்லை. ஆகவும் மாட்டான். கலியாணத்துக்கு நான் வரமாட்டன்."

பொஸ் தலையை ஆட்டினார்.

"சாப்பாட்டுக்கு வருவன்," என்றார் கிழவர்.

அவர்கள் அந்தக் கோடையில் கலியாணப் பதிவு செய்தார்கள். நானும் என் புருசனும் போய்க் கையெழுத்து வைத்தோம். கிழவர் சொன்னபடி வரவில்லை. அடுத்தநாள் மத்தியானம் வந்தார், சொந்தத் தட்டோடு.